மோட்டார் சுவிட்ச் இல்லாத தன்னாட்சி

அன்புள்ள தம்பிக்கு,

மேல்மாடியிலிருந்து அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும் என்று முதலில் எழுதுவது முறை. எழுதிவிட்டேன். முறை இத்தோடு முடிந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அக்கா, கோர்ட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் நான். யார் எதற்காக லைனைத் துண்டிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. உட்கார்ந்து படி.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு இந்த வீட்டில் கீழே அண்ணனும் மேலே நானுமாக இருந்து, நாள் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உண்மைதான். நீ பஞ்சாயத்துப் பண்ண வந்தாய். வந்தவன் எங்கள் இருவரையும் அதட்டிவிட்டுப் போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். நீயோ கறுப்புக் கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் சாய்ந்து, ஏதோ நாட்டுக்கே சட்டம் எழுதுகிறவன் மாதிரி, "அக்கா, இனிமே மாடிக்கு முழுத் தன்னாட்சி. மேல நீ வெச்சதுதான் சட்டம். அண்ணன் மூக்கை நுழைக்கக் கூடாது" என்றாய். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் காய்வதற்குள், "மூணே மூணு விஷயம் பொது. மோட்டார், மெயின் ஃப்யூஸ், வாசல் கேட். அது மட்டும் அண்ணன்கிட்ட இருக்கட்டும்" என்று சேர்த்தாய். மூன்றுதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்றும் போனால் வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, இத்தனை சட்டம் படித்த உனக்கும் தோன்றவில்லை.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். மோட்டார் சுவிட்ச் அண்ணனுடைய சமையலறையில், அடுப்புக்கு மேலே இருக்கிறது. தன்னாட்சி வந்தபிறகு நான் கீழே போவதில்லை, அவர் மேலே வருவதில்லை. அதனால் தண்ணீர் வேண்டுமென்றால் நான் குளியலறைக் குழாயைக் கரண்டியால் தட்டவேண்டும். ஒரு தட்டு தட்டினால் போடு, இரண்டு தட்டினால் நிறுத்து. இந்த ஏற்பாட்டை யாரும் பேசி வைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. ஆனால் அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை நீ மறந்துவிட்டாய். அவரைப் பொறுத்தவரை எதுவும் நேரத்துக்கு முன்னால் கிளம்பக்கூடாது, தண்ணீர் உட்பட. போன வாரம் தலை நிறைய சோப்பு போட்டுக்கொண்ட பிறகு குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தட்டினேன். தண்ணீர் வரவில்லை. மறுபடி தட்டினேன். கீழேயிருந்து குரல் வருகிறது, "டைம் ஆகல."

"அண்ணா, தலையில சோப்பு இருக்கு."

"சோப்பு போடறதுக்கு முன்னாடி டைம் பாத்திருக்கணும்."

கண்ணெல்லாம் எரிய எரிய துண்டால் துடைத்துக்கொண்டு நின்றேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி எப்போது குளிக்கலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்வது அவமானம், தம்பி. அந்த அவமானத்துக்கு நீ வைத்த பெயர் தன்னாட்சி. மறுநாளே என் சொந்தக் காசில் துணி துவைக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். என் துணி, என் மெஷின், என் மாடி. இதிலாவது யாரும் தலையிட முடியாது என்று நினைத்தேன். படுக்கை விரிப்பு இரண்டைப் போட்டு ஓடவிட்டேன். அது பாதி சுற்றுக்கூடச் சுற்றவில்லை, கீழே அண்ணன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். என்ன என்று படிக்கட்டிலிருந்து எட்டிக் கேட்டால், "மேல லோடு ஜாஸ்தி. மெஷின் உன்னுது, கரண்ட் பொது" என்கிறார். விரிப்புகள் அந்தச் சோப்புத் தண்ணீரிலேயே ஊறி, மெஷின் கதவும் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, மாலைவரை அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியே, அப்படியானால் எனக்கு எதில்தான் அதிகாரம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். திரைச்சீலை என்ன நிறம் என்பதிலும், எந்தச் சுவரில் காலண்டரை மாட்டுவது என்பதிலும் இருக்கிறது. மாட்ட ஆணி அடித்தால் அதற்கும் கீழேயிருந்து சத்தம் வருகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று நடந்ததை மட்டும் என்னால் பொறுக்கமுடியாது. எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த தோழிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஓய்வு பெற்றபிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தே வருஷக்கணக்காகிறது. நான் வீடெல்லாம் துடைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு பால்கனியில் நிற்கிறேன். அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி கேட்டுக்கு வருகிறார்கள். உள்ளே சாவியோடு அண்ணன் நிற்கிறார். டிப்போவில் பஸ்ஸை வெளியே விடுவதற்கு முன்னால் கேட்பாரே, அதே குரலில் கேட்கிறார்.

"யாரைப் பாக்கணும்? மொத்தம் எத்தனை பேரு? எப்ப திரும்புவீங்க?"

"அண்ணா, அவங்க என் ஃப்ரெண்ட்ஸ். திறங்க" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"வெளியாளுங்க வர்றது போறது கேட் சம்பந்தப்பட்ட விஷயம். கேட் பொது. வக்கீலே எழுதிக் குடுத்திருக்கான். முன்கூட்டியே சொல்லியிருக்கணும்."

அவர்கள் எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்வது? டீ போட்டு, ஃபிளாஸ்கில் ஊற்றி, பிஸ்கட்டோடு வாளியில் வைத்து, கயிறு கட்டி பால்கனியிலிருந்து தெருவுக்கு இறக்கினேன். அவர்கள் தெருவில் டீ குடித்தார்கள், நான் மாடியில் குடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அதில் ஒருத்தி, எப்போதும் வாய்த்துடுக்குக்காரி, "ஏண்டி, உன்னை எந்த கேஸ்ல உள்ள வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய் அழுதேன். இதை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இந்த நிலைமையில், மாடியின் பின்பக்கத்து அறையில் நான் குடிவைத்திருக்கிற தையல்காரம்மா வந்து நிற்கிறாள். "அக்கா, மொட்டைமாடிக் கதவுச் சாவி இன்னொண்ணு எனக்குக் குடுங்க. துணி எடுக்க ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கு" என்றாள்.

"கேட்டா திறந்துவிடப் போறேன். அதுல என்ன கஷ்டம்?"

"கீழ இருக்கிற அண்ணனும் அதைத்தானேக்கா உங்ககிட்ட சொல்றாரு?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேறன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்."

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை, அவ்வளவுதான். மொட்டைமாடிச் சாவி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதைக் கண்டவர்களிடமும் கொடுக்கமுடியாது. நீயே வக்கீல், உனக்குப் புரியும். அவள் புரியாமல் தையல் மெஷினை நடு இரவுவரை கடகடவென்று ஓட்டி என்னைப் பழிவாங்குகிறாள். இவளுக்கெல்லாம் இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? நீ கொண்டுவந்து வைத்த அந்த வார்த்தையிலிருந்துதான்.

ஆகவே இதை என் கடைசி எச்சரிக்கையாக வைத்துக்கொள். மோட்டார் சுவிட்ச் மாடிக்கு வரவேண்டும். ஃப்யூஸ் தனியாக வேண்டும். கேட் சாவி என் கைக்கு வரவேண்டும். பாதி அதிகாரம் கொடுத்து, மீதிப் பாதியால் கழுத்தைப் பிடிக்கிற வேலை இனி என்னிடம் நடக்காது. நான் கேட்டது கிடைக்காவிட்டால் பால்கனிச் சுவரை இடித்து நேராகத் தெருவுக்குப் படிக்கட்டு இறக்குவேன். தனி வாசல், தனிக் குழாய், தனி மின்கம்பம் வாங்குவேன். பிறகு அண்ணன் என்று எனக்கு ஒருவர் இருந்தார் என்பதையே மறந்துவிடுவேன். உன்னையும் மறப்பதா என்பதை உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும், வக்கீலுக்கு மட்டும் படிக்கவேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்ட இருந்தேன். அண்ணன் மாடிக்கு வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, மேஜைமேல் கேட் சாவியை வைத்தார். "பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவ வீட்டோட போயிடறேன். உன் அண்ணி போனப்புறம் தனியா சமைச்சுத் தின்ன முடியல. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். இனிமே மோட்டார், ஃப்யூஸ், கேட், கீழ்வீடு எல்லாம் நீயே பாத்துக்கோ. உன் இஷ்டப்படி ஆண்டுக்கோம்மா" என்றார். "நேத்து உன் ஃப்ரெண்ட்ஸை உள்ள விட்டிருக்கலாம். தப்புதான்" என்றும் சொன்னார். அந்த மனிதர் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, தம்பி. கேட்டது கிடைத்தால் சந்தோஷம் வரவேண்டாமா? ஆளே இல்லாத கீழ்வீட்டை வைத்துக்கொண்டு நான் யாரிடமிருந்து தன்னாட்சி வாங்குவது? யாரோடு சண்டை போடுவது? ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. நீ உடனே கிளம்பி வந்து, அண்ணன் இந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்தில் நாலாவதாக ஒரு வரி எழுது. மற்ற மூன்றும் அவரிடமே இருக்கட்டும். இப்போதைக்கு முழு அதிகாரமும் என்னிடம் இருப்பதால் கேட்டைப் பூட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தையல்காரம்மா மதில்மேல் எட்டித் தபால்காரரிடம் கொடுப்பாள். உன் கைக்கு வர எத்தனை நாள் ஆனாலும் சரி, நீ வரும்வரை அண்ணனுக்குத் திறப்பதாக இல்லை.