கடைசி வீட்டுக் குழாய்

‘பதற வேண்டாம்’ என்று மைக்கில் சொன்னால் போதும், ஊரே பதறிவிடும். இது இன்று எனக்குத் தெரியும். நகராட்சியில் விழிப்புணர்வுப் பணியாளராக ஒப்பந்த வேலையில் சேர்ந்த புதிதில் தெரியாது. (தெரிந்திருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.)

மூலக்குளம் பக்கம் ஒரு குடியிருப்பு. மேல்நிலைத் தொட்டியைக் கழுவப் போகிறார்கள், நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கூடவே முதியோர் பென்ஷன் முகாம் பற்றியும். கொடுத்ததை அப்படியே வாசித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் நான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் ஆயிற்றே!

“தாய்மார்களே! நாளை உங்கள் குழாயில் ஒரு சொட்டும் வராது! பதற வேண்டாம்!” என்று ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன்.

பென்ஷனை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு மோட்டார் உறுமியது. குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப் எல்லாம் வாசலுக்கு வந்தன; ஒரு அம்மா பிரஷர் குக்கரையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. ஆட்டோ ஓட்டுநர் செல்வம் அண்ணன் சட்டென்று மைக்கை அணைத்தார்.

“சாவு வீடும்மா.”

உள்ளே ஐஸ் பெட்டியில் ஒரு பெரியவர், பழைய மில் தொழிலாளி. அவர் மகள் லலிதா அக்கா காலிக் குடத்தோடு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நாளைக்குன்ன, இன்னிக்கே நின்னுபோச்சே? மதியத்துக்குள்ள எடுக்கணும். எங்கப்பாவ எதுல குளிப்பாட்டுவேன்?”

அத்தனை மோட்டாரும் உறிஞ்சிய பிறகு கடைசிக் குழாய்க்கு என்ன மிஞ்சும்? வெறும் காற்றுதான். அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தண்ணி லாரி வர சாயங்காலம் ஆகுமாம்.

“அண்ணே, வண்டியத் திருப்புங்க. மைக்கப் போடுங்க.”

“ஐயோ தாயே, மறுபடியுமா? அடிக்க வந்துடப் போறாங்க!”

இந்த முறை கோப்பை வாங்கிய குரல் வரவே இல்லை. “கடைசி வீட்ல ஐயாவக் குளிப்பாட்டத் தண்ணி இல்லைங்க. ஆளுக்கு ஒரு குடம் குடுங்க” என்றேன்.

முதலில் வந்தவர் குக்கர் அம்மாதான் (குக்கரோடுதான்). அவர் பின்னால் தெருவே வந்தது. இடுப்பில் குடத்தோடு, வரிசையாக. கொண்டுவந்த தண்ணீரில் ஷாமியானாவுக்குக் கீழே சேறாகி, நாற்காலிக் கால்கள் புதைந்தன. மேளக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

கடைசிக் குடத்தை லலிதா அக்கா ஊற்றினார். “கட்டக் கடேசி வீடும்மா, தண்ணியே எட்டாது. எங்கப்பா உசுரோட இருந்தப்ப ஒரு வாளிக்கு மேல குளிச்சதே இல்ல” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. நானும் சேற்றில் நின்று அழுதேன்.

அதிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் கடைசி வீட்டில்தான் அறிவிப்பை ஆரம்பிப்பேன். செல்வம் அண்ணன் முனகிக்கொண்டே வண்டியை அதுவரை விடுவார். எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி உட்கார்ந்ததும் என் தம்பி சும்மா இருக்க மாட்டான். “அக்கா வந்துடுச்சு, கடேசி எலையிலேர்ந்து பரிமாறுங்கப்பா!” என்று கத்துவான். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி இலைக்குப் போய்விடுவேன்.