பெக்டரி மாமாவின் மூக்கும் ஆறு கோழிகளும்

ஹட்டனில் இருந்து லிந்துலை வரை எத்தனையோ ஆயிரம் மூக்குகள் இருக்கலாம். ஆனால் மூக்கு என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அது தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக் கடைசி வீட்டில், பெக்டரி மாமாவின் முகத்தில் இருக்கிறது.

மாமா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை செய்தவர். கொழுந்து வாடிய பதத்தையும், அரைத்த இலை புளித்த பதத்தையும் மோந்தே சொல்லிவிடுவாராம். தோட்டத்துத் துரை மெஷினைக்கூட நம்பமாட்டார், இவர் மூக்கைத்தான் நம்புவார் என்பது மாமாவே எங்களுக்குத் தந்த தகவல். பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்தபின் அந்த மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதனால் எங்கள் பக்கம் திரும்பியது.

“தம்பி, நேத்து நெத்திலி பொரிச்ச சட்டி இன்னும் கழுவலியே?” என்று வாசலில் நின்று கேட்பார். என் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவர் கோழி வளர்க்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆறு கோழி வாங்கி வந்தார். தேயிலைத் தரங்களையே பெயராக வைத்தார். ‘பீக்கோ’ கொழுத்தது. ‘டஸ்ட்’ கடுகுபோல் சின்னது, ஆனால் சண்டைக்காரி.

அவர் கட்டிய கூட்டுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு ரோஸி அக்காவின் குசினி ஜன்னல். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினார். “இந்த மழை ஊர்ல கோழிக்கூடா? ஈரம் பட்டா நாறித் தொலைக்குமே! நான் சோறாக்குறதா, வாந்தி எடுக்கிறதா?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. லயமே கேட்கும்படி சொன்னார். “ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாத்தம் அடிக்குதுன்னு உங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க. அன்னைக்கே ஆறையும் அறுத்து வீட்டுக்கு வீடு கறி குடுத்துர்றேன். இது என் வாக்கு!”

முதல் மாதம் நாங்கள் எல்லோரும் கறி ஆசையில் தினமும் போய் மோந்து பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. மனுஷன் கூட்டை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தினார். தரையைச் சரிவாக்கி, சுற்றிலும் கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். தச்சுப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய மரச்சீவலை உள்ளே பரப்பினார். காலையும் மாலையும் கிளறிவிடுவார். கோழி ஏறித் தூங்கும் கம்புக்குக் கீழே ஒரு பலகை. விடிந்ததும் அதைச் சுரண்டி, எச்சத்தை முட்டைக்கோவாப் பாத்தி ஓரத்தில் குவித்து மண்போட்டு மூடுவார். வீட்டுக்கு வீடு வந்து, “அடுப்புச் சாம்பல் எங்க?” என்று அதட்டி வாங்கிப் போய்த் தூவுவார்.

கடைசியில் ஒரு பிடி சீவலை அள்ளிக் கையில் இறுக்குவார். “கொழுந்துன்னா ஒட்டணும், இது உதிரணும். ஒட்டுச்சுன்னா ஈரம். ஈரம்னா நாத்தம். காத்து, தம்பி, காத்து! காத்து இல்லாத கூடு கூடே இல்ல.”

போன வருஷம் அடைமழைக் காலத்தில் மாமாவுக்குச் சளி பிடித்தது. சும்மா சளியா? அந்தப் பேர்போன மூக்கு அடியோடு அடைத்துப்போயிற்று. காய்ச்சலில் அவர் உடம்பு நடுங்க, கோழிக்கும் குளிருமே என்று இரக்கப்பட்டு, கூட்டை நாலு பக்கமும் பொலித்தீனால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நாலு நாள் கிளறவும் இல்லை.

ஐந்தாம் நாள் ஐயோ, அது நாற்றமா அது? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் லயத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒருவர் வாயும் திறக்கவில்லை. சொன்னால் ஆறு உயிர் போய்விடுமே! பெண்டாட்டியை இழந்து, பிள்ளைகள் கொழும்பில் இருக்க, அந்த மனுஷனுக்கு நாளெல்லாம் பேச்சுத் துணை அந்தக் கோழிகள்தான்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு மாமா வீடு வீடாக வந்தார். கக்கத்தில் டஸ்ட்.

“எனக்கு மூக்குல ஒண்ணும் தெரியல. நாத்தம் ஏதும் வருதா?”

“இல்லீங்க மாமா,” என்றேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ரோஸி அக்கா முகத்தில் பாதியைத் துவாயால் கட்டியிருந்தார்.

“மாதா மேல சத்தியமா சொல்லு ரோஸி. நாறுதா, இல்லையா?”

அக்கா துவாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவரா அவர்? “எனக்கும் சளிங்க மாமா. துவாய் கட்டியிருக்கேன், பாக்கலியா?”

மாமா நேரே கூட்டுக்குப் போனார். ஒரு பிடி அள்ளி இறுக்கினார். கையைத் திறந்தார். சீவல் உருண்டையாகவே நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று.

“எல்லாரும் பொய் சொல்றீங்க. வாக்குன்னா வாக்கு. கத்திய எடுங்கடா!”

“எதுக்குக் கத்தி?” என்று ரோஸி அக்கா பாய்ந்து வந்தார். “நாறுதுன்னு ஒருத்தர் சொன்னாத்தானே உங்க வாக்கு? யாரு சொன்னா? சொல்லுங்க, யாரு சொன்னா?” சொல்லிக்கொண்டே முகத்துத் துவாயை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பொலித்தீனைப் பிடித்து இழுத்தார்.

பிறகென்ன, லயமே இறங்கியது. ஈரச் சீவலை வாரினோம், சாம்பலைக் கொட்டினோம், காய்ந்த சீவலைப் பரப்பினோம். மூக்கைப் பொத்தினால் குட்டு உடைந்துவிடும் என்பதால் ஒருவரும் பொத்தவில்லை. எல்லோர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

“ஏன் அழுவுறீங்க?”

“சாம்பல் பட்டிருச்சுங்க மாமா!”

மாமாவும் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சாம்பல் பக்கமே வரவில்லை.

ஒன்பதாம் நாள் மூக்கு திறந்தது. அன்று காலை வீட்டுக்கு ஒரு முட்டை கொண்டுவந்தார். எங்கள் வாசலில், நான் காலிலிருந்து கழற்றிப்போட்ட சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று இழுத்து மோந்து, “தம்பி, உன் சப்பாத்த வெயில்ல வைடா, பொணம் மாதிரி நாறுது!” என்று கத்தினார். என் மனைவி குசினியில் இருந்து ஓடி வந்து, “மாமாவுக்கு நல்லாயிருச்சுங்க!” என்று சிரித்தாள். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் இன்னும் நூறு வருஷம் எங்களைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.