மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்த நோயாளி

ஆரணி,
5.8.2003

மதிப்பிற்குரிய சுப்பராயலு மாமாவுக்கு, அக்கா மகன் தமிழ்வாணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும், என் பட்டறையில் பழுதுக்கு வந்து நிற்கும் விசைத்தறி மோட்டார்களும் நலம். தங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று நேற்று சென்னையில் பார்த்துவிட்டேன்.

மாமா, இழப்பீட்டு விசாரணை என்பது பெண் பார்க்கும் சடங்கு இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து நுரையீரலில் புற்றுநோய் வந்தது என்று மனு போட்டுவிட்டு, மீசைக்கு மை அடித்து, பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு வந்து நிற்கிறீர்கள். அதிகாரியே பாதி எழுந்து உங்களைக் கும்பிடுகிறார். "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று அவர் கேட்டால், "நமக்கு இன்னா சார், ஜம்முனு கீறேன்" என்கிறீர்கள். மூச்சு வாங்கியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மின்விசிறியை ரசிப்பவர்போல அண்ணாந்து பார்த்தீர்களே, அதைக் கவனித்தது நான் மட்டும்தான். அடுத்து, வேலை செய்த இடத்தில் தூசு இருந்ததா என்று கேட்டார். "தூசா? நம்ப ஒர்க்‌ஷாப்புல தரையிலயே சோத்தப் போட்டுத் துன்னலாம் சார்!" ரயில்வே வக்கீலுக்கு அதற்குமேல் வேலையே இல்லை. நம் வக்கீல் சிவசங்கரி மேடம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதே வாய் வெளியே வந்து டீக்கடையில் என்ன சொன்னது? "பாய்லர் பைப்புக்குச் சுத்துற ஆஸ்பெஸ்டாஸ் வெள்ளைப் பஞ்சு கீதே, சாப்பாட்டு நேரத்துல அத்தத்தான் தலைக்கு வெச்சிக்கினு படுப்போம். எழுந்தா அல்லாருக்கும் தல நரச்சிக் கெடக்கும்!" டீ மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரா தீர்ப்பு எழுதப்போகிறார்?

ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "நெசவுக்காரன் வூட்டுப் புள்ளடா நானு. பொடவைய விரிக்கசொல்ல பழுத முதலாளிகிட்டக் காட்டுவாங்களா? உள்ள மடிச்சிடுவாங்க" என்றீர்கள். சரிதான், ஆனால் நாம் அங்கே போனதே பழுதைக் காட்டத்தான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோக்காரன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. நீங்கள் ஜம்மென்று இருந்தால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானால் அடுத்த ஊசிக்கு அத்தை கழுத்திலிருக்கும் சங்கிலிதான். அது போதும் என்றா நினைக்கிறீர்கள்?

அடுத்த வாய்தாவுக்குச் சாதாரணச் சட்டையில் வாருங்கள். இருமல் வந்தால் இருமித் தொலையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தேதான் தூங்குகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நோயை மறைப்பது மானமில்லை மாமா, மடத்தனம்.

கன்னியம்மாள் அத்தைக்கு என் வணக்கம். மருந்தை ஜன்னல் வழியாக வீசாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். எந்தச் சாமியானாலும் சரி, உங்கள் மூச்சைச் சீராக்கட்டும்.

உங்களைத் திட்ட உரிமையுள்ள ஒரே மருமகன்,
தமிழ்வாணன்

பி.கு.: ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூழ் ஊற்ற நீங்கள் வருவீர்களா என்று அம்மா நச்சரிக்கிறார். நான் சென்னைக்கு வந்தது மோட்டார் சாமான் வாங்க. உங்களுக்கு வெறும் சளி, மாத்திரையில் போய்விடும். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். போன் பண்ணினால் நீங்களும் அதையே சொல்லுங்கள். குரல் மட்டும் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும், மாமா.