வல்லின றகரமும் வெள்ளைச் சாரனும்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளைக்கு மூன்று சொற்கள் போதும்: ஓம், இல்லை, போதும். இதோடு வாயை மூடிக்கொண்டவர்கள் எல்லாரும் மானத்தோடு குடும்பம் நடத்துகிறார்கள். நான் நாலாவதாக ஒரு சொல்லைச் சொன்னேன்.

அப்போது எனக்குப் புவியியல் ஆசிரியராக நியமனம் கிடைத்த புதிது. குறிஞ்சாக்கேணியில் உலகத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதன் நான்தான் என்றொரு நினைப்பு. (எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு புவியியல் பட்டதாரிகள் இருந்தார்கள். நான் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.) ஸஹ்ரா என்னோடு கம்பஸில் படித்தவள். அவளைக் கட்டாவிட்டால் செத்துப்போவேன் என்று நம்பிய வயது. ஆனால் அவளுடைய வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தடியில் மீன் மொத்த வியாபாரி. “மீன் தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்குற?” என்று அவர் யாரிடமோ கேட்டது, பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது. எனக்கோ கருவாட்டுக்கும் நெத்தலிக்கும் வித்தியாசம் தெரியாது.

என் வாப்பாவும், எனக்கு மூத்தவனான காக்காவும், நானும் போய்க் கதிரைகளில் அமர்ந்தோம். ஸஹ்ராவும் அவளுடைய உம்மாவும் குசினித் திரைக்குப் பின்னால். மாமா, அதாவது ஸஹ்ராவின் வாப்பா, என்னை ஏலத்தில் வைத்த மீனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி கம்பஸ்ல என்ன படிச்சீங்க?”

புவியியல் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் என் ஆய்வுத் தலைப்பையே எடுத்துவிட்டேன். “பாறைக்குழம்பு மாமா. அது ஓடுற விதம்.”

எழுத்தில் அது வல்லின ற. எங்கள் ஊர் வாயில் எல்லாம் ஒரே ரதான். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாரைக் குழம்பா! அதயும் கம்பஸ்ல படிப்பிக்கிறாங்களா?” பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “கேட்டயா ஆயிஷா, படிச்ச ஆக்கள் ஆணத்தக் குழம்பு எண்டுதான் செல்வாங்க. இண்டைக்கு வந்த பாரை மீன ஆணம் காய்ச்சு. மாப்புள்ள அதுல பட்டம்!” என்று சத்தம் போட்டார்.

அவர் மீனைச் சொன்னது என் காதில் விழவே இல்லை. ‘மாப்புள்ள’ என்ற சொல்லில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

“சரி, குழம்பு தண்ணியா இரிக்கோணுமா, தடிப்பா இரிக்கோணுமா?”

அட, என்ன அருமையான கேள்வி! “தண்ணியா இருந்தா தூரம் ஓடும் மாமா. அதால மலை தட்டையாப் பரந்து வரும். தடிப்பா இருந்தா ஓட ஏலாது, பக்கத்திலேயே குந்திரும். மலை செங்குத்தா ஏறும்.”

“மாஷா அல்லாஹ்! எங்கட சோத்து மலையும் அப்படித்தானே. சூடு?”

“கல்லே உருகும் மாமா.”

“அவ்வளவு உறைப்பா!”

“ஓம் மாமா, வெளியே வந்ததும் உறையும்.”

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். காக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா என் வாப்பாவின் கையைப் பிடித்து, “இப்படிப் புள்ளய எங்க பொத்தி வெச்சிருந்தீங்க?” என்றார். வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பெருமையாகச் சிரித்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள், சஹன் வந்தது. எல்லாரும் சுற்றி அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நடுவில் குவித்த சோறு. பக்கத்தில் சட்டி நிறைய ஆணம். மாமா கரண்டியை என் கையில் தந்து, “தம்பி, நீங்களே ஊத்திக் காட்டுங்க” என்றார்.

செயல்முறை விளக்கம் கேட்கிறார் என்றே நினைத்தேன். (மாணவர்கள்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.) சோற்றைக் கூம்பாக உயர்த்தி, உச்சியில் குழி தோண்டி, ஒரு கரண்டி ஊற்றினேன். குழி நிறைந்து, ஒரு பக்கம் வழிந்து, வாய்க்கால் போட்டது.

“பாருங்க மாமா! ஓடின குழம்புதான் மலைக்கு வடிவம் குடுக்குது. இனி அந்த மலைதான் அடுத்த குழம்புக்குப் பாதை காட்டும்.”

அந்தப் பாதை எந்தத் திசையைக் காட்டுகிறது என்று எரிமலை படித்த மடையன் பார்க்க வேண்டாமா? இன்னொரு கரண்டி ஊற்றினேன். வாய்க்கால் வழியே பாய்ந்தது, செங்குத்தான சரிவு இளகியது, மலையின் ஒரு பக்கம் மீன் தலையோடு அப்படியே பெயர்ந்து மாமாவின் மடியில் இறங்கியது. அவர் உடுத்தியிருந்தது புத்தம் புது வெள்ளைச் சாரன். யா அல்லாஹ்!

மடியில் கிடந்த பாரைத் தலையை மாமா பார்த்தார். அது என்னைப் பார்த்தது.

“தம்பி,” என்றார் மெதுவாக, “இது என்ன மீன்?”

“சூரையா மாமா?”

காக்கா வெடித்துவிட்டான். “மாமா, இவன் படிச்சது எரிமலை! பாறை, கல்லு! மீன் இல்ல!”

போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். ஸஹ்ராவும் போய்விட்டாள். கண் கலங்கியே விட்டது. அப்போதுதான் திரைக்குப் பின்னால் ஸஹ்ரா சிரித்தாள். அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு, ஊளையிட்டுக்கொண்டு வந்தது. உம்மா “வாயப் பொத்து புள்ள” என்று அதட்டப் போய்த் தானும் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வாப்பாவிடம், “மூணு மாப்புள்ள வந்து போனாங்க. எண்ட மகள் ஒருத்தனுக்கும் சிரிக்கல்ல. நாளக் குறிப்பம்” என்றார்.

(முதல் வசனத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டதாம் ஸஹ்ராவுக்கு. ஏன் தடுக்கவில்லை என்று இன்றும் கேட்கிறேன். “நல்லாப் போய்க்கிட்டிருந்திச்சே” என்கிறாள்.)

அந்த வீட்டில் இன்று எனக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆணக் கரண்டியைத் தவிர. சஹன் வந்ததும் மாமா சாரனை ஒருமுறை இழுத்துச் சொருகிக்கொண்டு, “மருமகன் எந்தப் பக்கம் குந்துறார்?” என்று கேட்பார். அதன் பிறகுதான் தான் உட்காரும் இடத்தைத் தீர்மானிப்பார்.