தந்தையருக்கான தனிமை நேரம்

மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்து, வீடு கட்டி, கதவு வைத்து, தாழ்ப்பாளும் போட்டு இவ்வளவு பாடுபட்டதெல்லாம் எதற்காக என்று அறிஞர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியும். மறுபடியும் ஒரு ஏரிக்கரைக்குப் போய், துணிக்கூடாரத்தில் படுத்து, முதுகுவலியோடு எழுந்து, "ஆகா, என்ன அமைதி!" என்று சொல்வதற்காகத்தான். அந்த உன்னத நோக்கத்துக்காக உலகில் எழுந்த இடங்களில் தலைசிறந்தது எங்கள் ஏரிக்கரை விடுமுறை முகாம். நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அங்கே குழாய், மோட்டார், சாக்கடை மூன்றும் என் பொறுப்பு. ஓர் இடத்தின் பெருமையைச் சாக்கடை பார்ப்பவனைவிட யாரும் அறிய முடியாது.

முகாமின் மேலாளரை நாங்கள் 'வசதி சார்' என்று அழைப்போம், அவர் காதில் விழாத தூரத்தில். அவர் வாயைத் திறந்தால் வசதி. ஏரி ஒரு வசதி. ஏரிக்குப் போகும் வழி இன்னொரு வசதி. வழியில் இருக்கும் பள்ளம் 'இயற்கை அனுபவ வசதி'. குழந்தைகளுக்கென்று உயரம் குறைந்த கழிப்பறைகள் உண்டு. கைக்குழந்தைக்குத் துணி மாற்ற மெத்தை போட்ட மேசை உண்டு. விருந்தினர்களின் நாய்கள் நீந்துவதற்குத் தனித் துறை உண்டு. நாய்க்கு மிதவைச் சட்டையும் உண்டு. பணியாளர்கள் மட்டும் ஏரியில் கால் நனைக்கக் கூடாது. தண்ணீர் அழுக்காகிவிடும் என்று நாய்களின் சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்களாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி தவளைதான். முன்பு ஏரியில் நிஜத் தவளைகள் இருந்தன. 'இரவெல்லாம் கத்துகின்றன, குழந்தை தூங்கவில்லை' என்று புகார் வந்தது. கரையோரப் புல்லையெல்லாம் வெட்டித் தவளைகளை விரட்டினோம். அடுத்த கோடையில், 'இயற்கைச் சூழல் என்றீர்கள், ஒரு தவளைச் சத்தம்கூட இல்லையே' என்று புகார். இப்போது மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. மாலையில் தவளையைப் போடுவதும், சத்தம் அதிகம் என்று யாராவது சொன்னால் தவளையைக் குறைப்பதும் என் வேலை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் என் மனைவியும் வேலை பார்க்கிறாள், சலவை அறையில். ஒரே இடத்தில் வேலை, எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். தலைமை அலுவலகம் தொலைநோக்கோடு ஒரு விதி செய்திருக்கிறது: ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது, ஒரே நாளில் லீவும் எடுக்கக் கூடாது. ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் முகாமுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆள் குறையும் அல்லவா? ஆகவே அவளுக்குப் பகல், எனக்கு இரவு. மாலையில் முகாமின் பின்வாசலில் சந்திப்போம். நான் வீட்டுச் சாவியைக் கொடுப்பேன், எங்கள் மகளின் கையையும் கொடுப்பேன். அவள் சலவை அறைச் சாவியைக் கொடுப்பாள். "சோறு மூடி வச்சிருக்கேன்", "அந்த வெந்நீர்க் குழாய் சொட்டுது", "பாப்பாவுக்கு இருமல்." எங்கள் இல்லறம் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கும். காலையில் அதே வாசலில் அதே வாக்கியங்கள், திருப்பிப் போட்டு.

எங்கள் பாப்பாவுக்கு ஏழு வயது. ஒருநாள் எங்கள் குடியிருப்பில் பக்கத்து அறைப் பிள்ளைகளோடு வீட்டு விளையாட்டு விளையாடினாள். சண்டை வந்துவிட்டது. அம்மாவாக நடித்த பிள்ளை உள்ளே வந்ததும், அப்பாவாக நடித்த பையனை இவள் எழுப்பி வெளியே தள்ளியிருக்கிறாள்.

"ஏன்டி அவனப் போகச் சொல்ற?"

"அம்மா வந்துட்டாங்கல்ல? அப்பா போகணும்."

"எங்க வீட்ல போகமாட்டாங்களே!"

"பொய் சொல்லாத. அப்போ ரெண்டு பேரும் உள்ள இருந்தா யாரு வேலைக்குப் போறது?"

மறுநாள் காலை வாசலில் இதை என் மனைவி என்னிடம் சொன்னாள். வழக்கமான மூன்று வாக்கியமும் அன்று கிடையாது. "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு மூணு பேரும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா இவ இதையே உலகம்னு நினைச்சுக்குவா" என்றாள். போய் வசதி சாரிடம் கேட்டோம். தனித்தனியாகத்தான், சேர்ந்து போக முடியாதே. அவர் இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் வரட்டும், பேசலாம்", "உங்க சம்சாரம் வரட்டும், பேசலாம்."

அப்போதுதான் எங்கள் முகாமுக்கு ஒரு சோதனை வந்தது. 'குடும்பங்களுக்கு உகந்த இடம்' என்ற நட்சத்திரத் தகுதியைத் தர ஒரு பரிசோதக அம்மா வருகிறாராம். மழைக்காலம்; முகாமில் ஒரு விருந்தினரும் இல்லை. வசதி சார் ஷிப்ட் மாறும் நேரத்தில் அவசரக் கூட்டம் போட்டார். வரவேற்புப் பெண், சமையல்காரர், காவலாளி அண்ணன், நாங்கள் இருவர்.

"எல்லா வசதியும் இருக்கு" என்று தொடங்கினார் வசதி சார். "ஒண்ணுதான் குறை. குடும்பம் இல்ல. குடும்பத்துக்கு உகந்த இடத்துல குடும்பம் இல்லன்னா அந்தம்மா என்ன நினைப்பாங்க? அன்னிக்கு ஒரு நாள் நமக்கு ஒரு குடும்பம் வேணும். வரவேற்பு, நீங்க அம்மா."

"சார், எனக்குக் கல்யாணமே ஆகல சார்!"

"அதெல்லாம் தகுதிக் குறைவு இல்லம்மா. சமையல், நீங்க அப்பா."

சமையல்காரர் மீசையைத் தடவினார். "நான் அப்பாவா உட்கார்ந்துட்டா அந்தம்மாவுக்கு யாரு சார் சமைக்கிறது? அப்பா எழுந்து போய் வெங்காயம் நறுக்கினா நல்லாவா இருக்கும்?"

"இருக்குமேண்ணே, நவீன அப்பா" என்றார் காவலாளி அண்ணன். பிறகு எங்களைக் கைகாட்டினார். "எதுக்கு சார் சுத்தி வளைக்கிறீங்க? இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி. ஒரு பொண்ணும் இருக்கு. ரெடிமேட்."

வசதி சார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அட, ஆமால்ல? உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்ததே இல்லையே!"

"நாங்களும் பார்த்ததில்ல சார்" என்றாள் என் மனைவி.

சார் யோசித்தார். எங்களைத் தள்ளி நிற்கவைத்துப் பார்த்தார், சேர்த்து நிற்கவைத்துப் பார்த்தார். "கொஞ்சம் களைச்ச மாதிரி இருக்கே... பரவாயில்ல, குடும்பம்னா அப்படித்தான்" என்று எங்களைத் தேர்ந்தெடுத்தார்.

என் மனைவி அசையவில்லை. "செய்யறோம் சார். நட்சத்திரம் கிடைச்சா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வேணும். ஒரு முழு நாள்."

"ஒரு நாள்தானே? குடும்பமா ஒரு முழு நாள்! கொடுத்தேன். இத்தனை பேரு முன்னாடி சொல்றேன், போதுமா?"

காவலாளி அண்ணன் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பணியாளர் நலன் இவ்வளவு விரைவாக வேறெங்கும் தீர்மானமானதாக எனக்குத் தெரியவில்லை.

சோதனை நாளில், விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போன பொருட்களிலிருந்து எங்களுக்கு உடை கொடுத்தார்கள். எனக்குப் பூப்போட்ட சட்டை; யாரோ பெருத்த மனிதருடையது, உள்ளே இன்னொருவருக்கும் இடம் இருந்தது. மனைவிக்கு அகல விளிம்புத் தொப்பி. பாப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. வசதி சார் ஒத்திகை பார்த்தார்.

"சிரிங்க. குடும்பம்னா சிரிக்கும்."

"எந்நேரமும் சிரிச்சா பைத்தியம்னு நினைப்பாங்க சார்."

"நீங்க காசு கொடுத்து வந்த விருந்தினர். சந்தோஷமா இருந்தே ஆகணும். ஏய், தவளையப் போட்டாச்சா?"

"பகல்ல தவளை கத்தாது சார்."

"நட்சத்திரம் வேணும்னா கத்தும். போடுங்க!"

பரிசோதக அம்மா புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார். மிகவும் கண்டிப்பானவர். குட்டைக் கழிப்பறையில் குனிந்து பார்த்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். பட்டப்பகலில் தவளைக் கச்சேரி கேட்டு, "என்ன வளமான இயற்கை!" என்றார். பிறகு ஊஞ்சலுக்கு வந்து பாப்பாவிடம் குனிந்தார்.

"இங்க உனக்கு என்னம்மா ரொம்பப் பிடிச்சிருக்கு? ஊஞ்சலா, படகா?"

பாப்பா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இருக்காங்க."

"யாரு கண்ணு?"

"அம்மாவும் அப்பாவும். ஒரே இடத்துல."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. குடும்பங்களை இணைக்கும் ஆற்றல் இந்த முகாமுக்கு இருக்கிறது என்று வசதி சாரிடம் சொன்னார். வசதி சார் அடக்கத்தோடு தரையைப் பார்த்தார்.

ஆபத்து சாப்பாட்டு மேசையில் வந்தது. நானும் பாப்பாவும் பரிசோதக அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள். அவள் வாசலில் காலை வைத்ததும் நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பூச்சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு, "குழாய் சொட்டுதான்னு பாருங்க" என்றாள். பாப்பா வாயில் உணவோடு கையை ஆட்டினாள்: "டாட்டா அப்பா." நான் வெளியே நடந்து, மோட்டார் கொட்டகை வரை போய்க் கதவைத் திறந்த பிறகுதான், நான் இன்று விருந்தினன் என்பது நினைவுக்கு வந்தது. ஓடித் திரும்பினேன்.

ஜன்னல் வழியாக வசதி சாரின் குரல் கேட்டது. பரிசோதக அம்மா, "என்ன, அவர் பாட்டுக்கு எழுந்து போயிட்டாரே?" என்று கேட்டிருக்க வேண்டும்.

"அது எங்க புது வசதி மேடம்" என்றார் சார், ஒரு மூச்சுகூட விடாமல். "தந்தையருக்கான தனிமை நேரம்! குடும்பத்துல எல்லாரும் எப்பவும் ஒண்ணாவே இருந்தா மனஅழுத்தம் வரும்னு ஆராய்ச்சி சொல்லுது. அதனால அப்பாவ அப்பப்போ வெளிய அனுப்பிடுவோம்."

"அருமை! வேற எந்த முகாம்லயும் நான் பார்த்ததில்ல."

"அந்தக் குழந்தையப் பாருங்க மேடம், எவ்வளவு பக்குவமா வழியனுப்புது!"

அந்த ஒரு வசதிக்காகவே கூடுதலாக ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

கடைசியில் படகு. விருந்தினர் என்பதால் எங்களுக்கு ஏரி திறந்தது. பாப்பா நடுவில் உட்கார்ந்து ஒரு கையால் என் விரலையும் மறு கையால் அவள் அம்மாவின் விரலையும் பிடித்துக்கொண்டாள். படகு நடு ஏரிக்குப் போனது. எனக்கு வாயில் வந்ததெல்லாம் குழாய்தான். அவள் வாயில் வந்ததெல்லாம் சோறு மூடிவைத்த கதைதான். கைமாற்ற எதுவும் இல்லாதபோது எங்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்புறம் காற்று வந்து என் சட்டைக்குள் புகுந்து அதைக் கூடாரம் போலத் தூக்கியது. என் மனைவி பார்த்தாள். சிரித்தாள். தொப்பி தண்ணீரில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, இது அனுமதிக்கப்பட்டதுதான் என்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள். கரையிலிருந்து புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

நட்சத்திரங்கள் வந்து சேர்ந்தன. வசதி சார் மிட்டாய் கொடுத்தார். நாங்கள் ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து, இந்த முறை இருவரும் சேர்ந்தே அவர் முன் போய் நின்றோம்.

"சார், அந்த லீவு."

"எந்த லீவு?"

"குடும்பமா ஒரு முழு நாள்னு சொன்னீங்களே சார்."

"அதான் கொடுத்தாச்சே!" சார் நிஜமாகவே வியந்தார். "அன்னிக்கு நீங்க மோட்டார் போட்டீங்களா? இல்ல. அவங்க துணி துவைச்சாங்களா? இல்ல. படகுல போனீங்க, சாப்பிட்டீங்க, சிரிச்சீங்க. மூணு பேரும். காலைலேர்ந்து சாயங்காலம் வரை. இதுக்குப் பேர் லீவு இல்லாம வேற என்ன?"

"நீங்கதானே சார் நடிக்கச் சொன்னீங்க" என்றாள் என் மனைவி.

"நடிச்சீங்களா?" சாரின் குரல் தாழ்ந்தது. "மெதுவாச் சொல்லும்மா. இவ்வளவு இயல்பான குடும்பத்தைப் பார்த்ததே இல்லன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அது நடிப்புன்னா மோசடி. மோசடின்னா நான் உங்க ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். எனக்கு மனசு வராது. அதனால அது நடிப்பு இல்ல, லீவு. சந்தோஷமாப் போய் வேலையப் பாருங்க. ஒருத்தர் வேலையப் பாருங்க, ஒருத்தர் வீட்டுக்குப் போங்க."

இதைவிட நியாயமாக ஒரு மனிதர் பேச முடியுமா? எங்களை மோசடிக் குற்றத்திலிருந்தே காப்பாற்றிவிட்டார். வெளியே வந்தோம். நான் வீட்டுச் சாவியை நீட்டினேன். அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என் கையைச் சாவியோடு சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காவலாளி அண்ணன் இருமினார்.

இப்போது முகாம் நிரம்பி வழிகிறது. தந்தையருக்கான தனிமை நேரத்துக்கு அவ்வளவு வரவேற்பு. பெருஞ்சாலை பார்த்த முன்வாசலில், வேலிக்கு வெளியே, வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் நாங்கள் மூவரும் படகில் சிரிக்கிறோம். கீழே, 'குடும்பங்கள் ஒன்றுசேரும் இடம்.' பக்கத்து அறைப் பிள்ளைகளைப் பாப்பா அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாள்: "பாரு, நான் ரெண்டு பேரோடயும் இருக்கேன்." வேலிக்கு வெளியே என்பதால் அவள் பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை.

பலகையைத் துடைப்பது பகல் ஷிப்டின் வேலை. அதற்கு விளக்குப் போடுவது இரவு ஷிப்டின் வேலை. எங்கள் குடும்பம் முழுதாக இருக்கும் ஒரே இடம் அதுதான். அதையும் நாங்களேதான் பராமரிக்கிறோம், ஆளுக்கு ஒரு ஷிப்டாக.