மொபெட் மேல் விழுந்த கடவுள் செயல்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
ஆடி 12, வியாழன்

ஓசூரில் இருக்கும் என் அன்பு மச்சான் அந்தோணி பிரகாஷ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் சவரி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் ஆரோக்கியம்மாளும் இரண்டு எருமைகளும் நலம். மகள் ஏஞ்சலினும் நலம். அவளால் மற்றவர்கள்தான் நலமாக இல்லை. போன மாதம் அந்தோணியார் திருவிழாவுக்கு நீங்கள் குடும்பத்தோடு வந்து, வாசல் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டிப் பிள்ளைகளை ஆட வைத்துவிட்டுப் போனதை உங்கள் அக்காள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ஏஞ்சலின் காதில் விழும். விழுந்தால் "அது ஆதாரமாயிடும்ப்பா" என்கிறாள்.

மச்சான், எனக்கு அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. நர்சிங்கில் சேர்க்க இருந்தவளை, "புள்ளைக்கு வாய் நல்லா இருக்குது, வக்கீலுக்குப் போடுங்க" என்று சொன்னது நீங்கள். பரீட்சை முடிந்து லீவுக்கு வந்தவள் பையில் ஒரு புத்தகம். அட்டையில் 'தீங்கியல் சட்டம்' என்று போட்டிருந்தது. ஊர்ல தீங்கு செய்ய ஆளா இல்ல, இதைக் காலேஜுக்குப் போய் வேற படிக்கணுமான்னு கேட்டேன். "இல்லீங்கப்பா, ஒருத்தருக்கு ஒரு தீங்கு நடந்தா அதுக்கு யாரு பொறுப்புங்கறதைப் படிக்கிறோம்"னா. நல்ல விசயம்தானேன்னு வுட்டுட்டேன். அங்கதான் மோசம் போனேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில சின்னராஜ் வந்தாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, உங்களுக்குத் தெரியாததா, இருவது வருசமா தெனம் நம்ம வூட்லதான் டீ, ஞாயித்துக்கிழமையானா என்னைய மொபெட்ல ஏத்திக்கிட்டுப் போய்க் கோயில் வாசல்ல இறக்கி வுட்டு, பூசை முடியற வரைக்கும் வெளிய உக்காந்து பேப்பர் படிக்கிற மனுசன். எப்பவும்போலப் புளியமரத்து நிழல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்து டம்ளரை வாயில வெக்கறாரு, ஆடிக் காத்து ஒண்ணு வீசிச்சு பாருங்க, படார்னு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா கிளை கீழ, மொபெட் அதுக்கும் கீழ. ஹேண்டில்பார் ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம். ஐயோ சாமீ! "சின்னராஜு, மன்னி..."ன்னு வாயத் தொறந்தேன், எம்மவ ஓடி வந்து என் வாயப் பொத்திட்டா மச்சான்! பெத்த அப்பன் வாய! "மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும்ப்பா"ங்கறா. அப்பறம் அவரு பக்கம் திரும்பி, "சித்தப்பா, இது காத்துல விழுந்தது. சட்டத்துல இதுக்குக் கடவுள் செயல்னு பேரு. யாரும் பொறுப்பில்லீங்க"ன்னுட்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஞானஸ்நானம் வாங்கின புள்ள, கடவுள் மேலயே பழியப் போடறா! சின்னராஜ் மொபெட்டை ஒரு தரம் பார்த்தாரு, என்னைய ஒரு தரம் பார்த்தாரு. "எந்தக் கடவுள் பாப்பா? உங்க சாமின்னா சவரியண்ணன் பதில் சொல்லட்டும். எங்க முனியப்பன்னா நானே போய்க் கேட்டுக்கறேன்"னாரு. அவ புத்தகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பொரட்டறா, எந்தக் கடவுள்னு அதுல போடலையாம்! மனுசன் டீயப் பாதியில வெச்சுட்டு வண்டிய இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

இன்னியோட ஒம்பது நாள். வரலை. உங்க அக்கா பழக்கதோசத்துல ரெண்டு டம்ளர் ஊத்திட்டு என்னைய முறைக்கிறா. சின்னராஜ் காசு பணம் ஒண்ணும் கேக்கலை மச்சான். 'மன்னிச்சுக்க சின்னராஜு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பாரு. அது தொண்டையிலயே நிக்குது, சோறு எறங்க மாட்டேங்குது. போய்ச் சொல்லிரலாம்னு ரெண்டு தரம் செருப்பை மாட்டினேன். "அப்ப நான் படிக்கிறதுக்கு மதிப்பே இல்லீங்களாப்பா"ன்னு கண்ணு கலங்கறா. கழட்டிப் போட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசைக்கு வெயில்ல மூணு கிலோமீட்டர் நடந்தே போனோம். பாவத்தை ஒத்துக்கற செபத்துல எல்லாரும்போல "என் பாவமே, என் பாவமே"ன்னு நெஞ்சுல தட்டறேன், பக்கத்துல நின்னவ முழங்கையால ஒரு இடி இடிக்கிறா. "மெதுவாப்பா! மூணு தரம் ஒத்துக்கறீங்க!" சாமியாரே நிமிந்து பார்த்துட்டாரு. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம்போல இருந்துச்சு.

ஆகவே மச்சான், அவளை இந்தப் படிப்பிலிருந்து நிறுத்தி, நர்சிங்கிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யவும். நீங்கள் கை வைத்த காரியம் எதுவும் இதுவரை கெட்டதில்லை, இதுவும் உங்களால்தான் ஆகணும். வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடந்து நடந்து கால் வீங்கிப் போன
சவரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரத்துல ஏஞ்சலின் கடுதாசியப் புடுங்கிப் படிச்சுட்டா. 'ஊஞ்சல்'னு எழுதின எடத்துல அப்பிடியே நின்னுட்டா. என்னைய இழுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போனா. விழுந்த கிளையில நீங்க கட்டின ஊஞ்சக் கயிறு இன்னும் சுத்தியிருக்குது. கயிறு நழுவாம இருக்கட்டும்னு ரம்பத்தால சுத்தி அறுத்து வெச்சீங்களே, கிளை சரியா அந்த எடத்துல முறிஞ்சிருக்குது! ஒம்பது நாளா ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கலை. அவ முகம் வெளுத்துப் போச்சு. "அப்பா, இது கடவுள் செயல் இல்லீங்க. மாமா செயல்"னா. அடுத்த நிமிசம் சின்னராஜ் வூட்டுக்கு ஓடறா, பின்னாலயே நானும் ஓடறேன். "சித்தப்பா, தப்பு எங்களுதுதான், மன்னிச்சுக்கங்க"ன்னு சொன்னது, என் வாயப் பொத்தின அதே புள்ளைங்க! நானும் தொண்டையில நின்னதைச் சொல்லிட்டேன். சின்னராஜ் சிரிச்ச சிரிப்பு நம்ம தோட்டம் வரைக்கும் கேட்டுச்சு. "மச்சான் செயலா! மொதல்லயே சொல்லக் கூடாதா? முனியப்பனை நான் ஒம்பது நாளாத் திட்டிட்டு இருக்கறேன்"னு சொல்லிக்கிட்டே டீ குடிக்க வந்துட்டாரு. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. புள்ள வக்கீலுக்கே படிக்கட்டும். அவ எழுதின மொத நோட்டீஸ் இதே கவர்ல இருக்குது, உங்க பேருக்குத்தான், சந்தோசமா வாங்கிக்கங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேருங்க. பூசையில நீங்களே உங்க நெஞ்சுல மூணு தரம் தட்டிக்கலாம், அவ தடுக்க மாட்டா. வரும்போது ரம்பம் மட்டும் வேண்டாம்.