கங்கை பாய்ந்த கீழப்பொட்டல்

பண்டிகை நாட்களில் அதிகாரிகள் மக்களை அடியோடு மறந்துவிடுகிறார்கள் என்பதை, சுதந்திரம் வந்து பதினான்கு வருஷம் கழித்து மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். உடனே சுற்றறிக்கை பறந்தது. இனித் தீபாவளி தோறும் யூனியன் அதிகாரி கிராமங்களுக்கு நேரில் சென்று பொதுமக்களுடன் வாழ்த்துப் பரிமாறிக்கொள்ள வேண்டியது. பரிமாறிய விவரத்தை மூன்று பிரதிகள் அனுப்ப வேண்டியது. படிவத்தில் இரண்டே கட்டம்: அதிகாரி சொன்னது, மக்கள் சொன்னது.

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே இருந்த கீழப்பொட்டலுக்கும் இந்தப் பாக்கியம் வாய்த்தது. அந்த ஊரில் ஊருணி வற்றி இரண்டு வருஷம். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் இரண்டு மைல் நடந்து, அடுத்த ஊர்க்காரர்கள் இறைத்து முடிக்கும்வரை நின்று, குடத்தில் தண்ணீரும் காதில் வசவுமாகத் திரும்ப வேண்டும். இதில் மருதாயிக்குத் தனி வயிற்றெரிச்சல். அவள் மகன் ஆண்டியப்பனுக்கு இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த மூன்று பெண்வீட்டாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காலிக் குடங்களைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கிணறு வந்தால்தான் மருமகள் வருவாள் என்று புரிந்துகொண்ட மருதாயி, ஊருக்குக் கிணறு கேட்டு மனுக் கொடுத்திருந்தாள். மனு பரிசீலனையில் இருந்தது. எங்கே இருந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தீபாவளிக் காலையில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, கூடிநின்ற ஜனங்களைப் பார்த்துக் கை கூப்பி, எல்லாரும் நல்லா இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு, “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்டார். ஊர் புரியாமல் விழித்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தாகிவிட்டதா என்று ஐயா விசாரிக்கிறார், தீபாவளியன்று எல்லார் வீட்டு வெந்நீரிலும் கங்கை வந்து இறங்குவதாக ஐதீகம் என்று கூட வந்த குமாஸ்தா சிவசாமி விளக்கினார்.

உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, அரைச் செம்புத் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டு வந்து நின்ற ஜனம் அது. ஆனால் நல்ல நாளில் பெரிய மனிதர் ஒருவர் வாசல் தேடி வந்து கேட்கும்போது இல்லை என்று எந்த வாய் சொல்லும்? நூற்று நாற்பத்தேழு பேரும் ஆச்சு என்றார்கள். மருதாயியும்தான் சொன்னாள்.

தை பிறந்ததும் மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி கிராமத்தார் நூற்று நாற்பத்தேழு பேரும் கங்கையில் நீராடியதாக நேரில் ஒப்புக்கொண்டிருப்பதாலும், கங்கையானது வற்றாத நதி என்பது அனைவரும் அறிந்ததே ஆதலாலும், மேற்படி கிராமத்துக்குக் கிணறு தேவையில்லை எனத் தீர்மானித்து மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

மருதாயி அந்தக் காகிதத்தோடு ஆபீசுக்கு நடந்தாள். அது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று மன்றாடினாள். அரசாங்கம் மரியாதைக்காக எதையும் கேட்பதில்லை என்றார் அதிகாரி.

“அப்ப நாங்க நல்லா இருக்கணும்னு சொன்னீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?”

“அது வாழ்த்தும்மா. வாழ்த்துக்கு நடவடிக்கை கிடையாது. நீங்க சொன்னது பதில். பதிலுக்குத்தான் நடவடிக்கை.”

வெளியே வந்தபோது சிவசாமிதான் இரக்கப்பட்டு வழி சொன்னார். அடுத்த தீபாவளிக்கு ஊர் மொத்தமும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஃபைல் தானாக எழுந்து உட்கார்ந்துவிடும்.

மருதாயி வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாளும் கிழமையுமாக இல்லை என்று சொன்னால் வருஷம் பூராவும் விளங்காது என்று இழுத்தவர்களிடம், இப்போது மட்டும் என்ன விளங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டாள். கடைசியில் மூத்தவர் பெரியகருப்பன் ஊர் சார்பாக ஒரு முடிவு சொன்னார்: “நீ மொதல்ல சொல்லு தாயீ. ஒன் பின்னாடியே நாங்களும் சொல்லிப்புடுறோம்.”

அடுத்த தீபாவளியும் வந்தது. கூடவே, கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து குழந்தைசாமி என்பவர் வருவதாகச் சேதியும் வந்தது. அவருக்கு ஒரு பெண் இருந்தது. நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருந்தார். மருதாயி முந்தின நாள் நாலு நடை நடந்து நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து, கண்ணில் படுகிற மாதிரி வாசலில் வரிசையாக வைத்தாள். குழந்தைசாமி கட்டிலில் உட்கார்ந்து அதிரசத்தைக் கடித்தபடி அந்த நாலு குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து அவள் வாசலில் நின்றது. ஊரும் பின்னாலேயே வந்து நின்றது. சிவசாமி படிவத்தை விரித்து, மருதாயியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

“என்னம்மா, கங்கா ஸ்நானம் ஆச்சா?”

மருதாயி ஊரைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். வேட்டி கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளையாகவே நின்ற ஆண்டியப்பனைப் பார்த்தாள். பெற்ற வயிறு இன்னும் வெட்டாத ஊர்க் கிணற்றைவிட ஆழம்.

“ஆச்சுங்க” என்றாள்.

சொன்ன சொல் மாறாத ஊர் அது. பின்னாடியே எல்லாரும் ஆச்சு என்றார்கள். சிவசாமி பேனாவைத் திறந்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

புழுதி அடங்கியதும் குழந்தைசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இப்பத்தான், தங்கச்சி, எம் மனசு நெறஞ்சுச்சு. எங்க ஊர்லயும் போன வருசம் இதே ஜீப்பு வந்து கேட்டுச்சு. நாங்களும் ஆச்சுன்னுதான் சொல்லித் தொலைச்சோம். வரவேண்டிய கெணறு போச்சு. எம் மகளாவது தண்ணி உள்ள ஊர்ல வாழட்டும். தை மாசமே முடிச்சுக்குவோம்.”

மருதாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குழந்தைசாமி தன் சட்டையைக் கழற்றி ஆண்டியப்பன் கையில் கொடுத்துவிட்டு, உரிமையோடு முதல் குடத்தைத் தூக்கினார். அவருக்கும் அன்றைக்கு இன்னும் குளியல் ஆகவில்லையாம். நாலு குடத்தையும் தலைவழியாக ஊற்றி, சாவகாசமாகக் குளித்து முடித்தார். சுற்றி நின்று கீழப்பொட்டல் மொத்தமும் பார்த்தது. படிவத்தில் நூற்று நாற்பத்தேழு பேர் நீராடியிருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அங்கே நிஜமாகவே குளித்தவர் அவர் ஒருவர்தான், அவரும் வெளியூர்.